செத்த காலேஜில் அம்மா

முதல் கண்ணின் கட்டை அவிழ்த்த அன்று அம்மா முதலில் தன் கைகளைத்தான் பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்மாம் வெட்டா வாங்கிகீறேன்" என்றாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, பல வருடங்களாகப் புகை வழியாகவே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு கண்ணைப் போன வருடம் சரிசெய்தோம். இன்னொன்றை இந்த வருடம்.

அதற்குப் பிறகு மறுபரிசோதனைக்காக அவளை எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விம்கோ நகரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். ஆஸ்பத்திரி வேலை எப்போது முடியும் என்று தெரியாததால் முழு நாளும் லீவு சொல்லியிருந்தேன். ஆனால் அன்று கூட்டமே இல்லை. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சொட்டு மருந்தை மட்டும் தொடரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு அம்மா நடைபாதையில் நின்றுகொண்டு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"செத்த காலேஜு இந்தாண்டதான கீது?" என்று கேட்டாள்.

வட சென்னையில் அந்தக் காலத்து ஆட்கள் மியூசியத்தை அப்படித்தான் சொல்வார்கள். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். அது ஊரைவிட்டு வண்டலூருக்குப் போனதும் அந்தப் பெயர் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. செத்த காலேஜ்தான் இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா தானாக ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. திருவொற்றியூர் தேருக்குக் கூப்பிட்டால்கூட, "நீங்க பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள்.

"அங்க போய் என்னம்மா பாக்கப் போற?"

"பெரிய பெரிய மீனுல்லாம் வச்சிகீறாங்களாமே."

"மீனா? ஆயுசு பூரா மீன்லதான கெடந்த. அதை டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா?"

"அது வேற" என்றாள். அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது காத்திவாக்கத்தில், கடலை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில். அந்தக் குப்பத்தில் மீன் சமைக்காத ஒரே வீடு எங்களுடையது. பக்கத்து வீடுகளில் கருவாடு காயும், கழிமுகத்தில் பிடித்த எறா தொக்காக வதங்கும். எங்கள் அடுப்பில் பருப்பும் கத்திரிக்காயும் வேகும். அக்கம்பக்கத்தில் எனக்கு மீன் கொடுத்தால் அம்மா தடுத்ததில்லை. ஆனால் வாசலிலேயே ஒரு சொம்புத் தண்ணீரோடு நிற்பாள். "வாய் கொப்பளிச்சிட்டு உள்ள வா" என்பாள். நன்றாகக் கொப்பளித்தேனா என்று என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள்.

காரணம் எனக்குத் தெரியும். குப்பம் முழுவதுக்கும் தெரியும். எனக்கு நினைவு தெரியாத வயதில் அப்பா கடலில் போய்விட்டார். அவரும் சித்தப்பாவும் போன படகு முகத்துவாரத்தைத் தாண்டிக் கவிழ்ந்தது. சித்தப்பா நீந்திக் கரை சேர்ந்தார். "அண்ணன் எம் பின்னாலயேதான் வந்துகினு இருந்துச்சி" என்று மணலில் உட்கார்ந்து சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா வரவில்லை. கடலில் போனவர்கள் இரண்டு மூன்று நாளில் எங்காவது ஒதுங்குவார்கள். எந்த நீரோட்டம் எங்கே கொண்டுவந்து போடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குப்படி எல்லா இடத்திலும் தேடினார்கள். எங்கேயும் ஒதுங்கவில்லை.

இப்படி யாராவது போனால் அந்த வீட்டில் கொஞ்ச காலம் மீன் சாப்பிட மாட்டார்கள். பிறகு பழையபடி ஆகிவிடும். கடலை ஒட்டிப் பிழைக்கிறவர்களுக்கு வேறு வழி இல்லை. அம்மா மட்டும் பழையபடி ஆகவில்லை.

ஆனால் அவள் பிழைத்ததும் மீனால்தான். காசிமேட்டுத் துறைமுகத்தில், மீன் வாங்குகிறவர்களுக்கு வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கிற பெண்களின் வரிசையில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. விடியும் முன்பே ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிடுவாள். கன்டெய்னர் லாரிகள் மூச்சு முட்ட நிற்கிற அந்தச் சாலையில் போய்வருவதே பாதி நாள் வேலை. எண்ணூர் மார்க்கெட்டிலேயே உட்காரலாமே என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். "இங்க பொடிதான் வருது. அங்கதான் பெரிய மீன் வருது" என்பாள். பெரிய மீன் என்றால் கூலி அதிகம் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கண் மங்கிய பிறகும் அவள் போவதை நிறுத்தவில்லை. மீனின் வயிற்றைக் கீறி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து வேலை செய்தாள். கை முழுக்க முள் கிழித்த காயம். புண் ஆறும் முன்பே மறுபடி போவாள். நானும் கடையிலிருந்து மருந்தும் பஞ்சும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மியூசியத்தின் பெரிய சிவப்புக் கட்டடங்களைப் பார்த்ததும் அம்மா செருப்பைக் கழற்றப் போனாள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு விலங்குகள் இருக்கும் பகுதிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் வெயில் அறுந்துபோன மாதிரி இருந்தது. அந்துருண்டை வாசனை, அதற்கு அடியில் இன்னொரு வாசனை. பழைய தோல், பழைய தூசி, மருந்து எல்லாம் கலந்தது. மருந்துக்கடையில் இருப்பவள் என்றாலும் அது என்ன மருந்து என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கேயோ தூரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்கள் பக்கம் வரவே இல்லை.

யானையின் எலும்புக்கூட்டை அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புலி, கரடி, காட்டெருமை எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நின்றன. அவற்றின் கண்ணாடிக் கண்கள் எங்களைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா வேகமாக நடந்தாள். புரை எடுத்த கண்களோடு, யாருடைய கையையும் பிடிக்காமல், அவள் அப்படி நடப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டே பின்னால் போனேன்.

மீன்கள் இருந்த கூடத்துக்கு வந்ததும் வேகம் நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அங்கே அலமாரி அலமாரியாகக் குப்பிகள். பழுப்பு நிறத் தண்ணீரில் நிறம் வெளுத்த மீன்கள் தலைகீழாக நின்றன. அம்மா ஒவ்வொரு குப்பியாக நின்று பார்த்தாள். மீன் முகத்தை அவள் பார்க்கவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். குனிந்து வயிற்றைப் பார்த்தாள். கீறியிருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த குப்பிக்குப் போனாள். சின்ன மீன்களைத் தாண்டிவிட்டாள். கொஞ்சம் பெரியவற்றின் எதிரில் நீண்ட நேரம் நின்றாள்.

கூடத்தின் கோடியில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுறா இருந்தது. பாடம் செய்து, மரக்கட்டைகள் மேல் கிடத்தியிருந்தார்கள். என் உயரத்தைவிட ரொம்ப நீளம். மேலே பூசிய சாம்பல் வர்ணம் வெடித்து, வெடிப்புக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வாய் திறந்திருந்தது. தாடையிலிருந்து வால்வரை அடிவயிற்றில் ஒரு தையல் ஓடியது. கோணி தைப்பதுபோலக் கெட்டி நூலால் தைத்திருந்தார்கள்.

அம்மா அந்தப் பெட்டியின் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையைச் சாய்த்து, கண்ணாடியில் நெற்றியை அழுத்தி, அந்தத் தையலைக் கீழேயிருந்து பார்த்தாள்.

காவலுக்கு இருந்த பெண் எழுந்து வந்தாள். நீலச் சீருடை போட்ட, என் வயதுக்காரி. "கண்ணாடி மேல சாயாத ஆயா, எங்கள திட்டுவாங்க" என்றாள். குரலில் கடுமை இல்லை.

அம்மா நெற்றியை எடுத்தாள். கண்ணாடியில் வியர்வைத் தடம் இருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "இத்த கீறி தானம்மா தெச்சிகீறாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா ஆயா. உள்ள இருக்குறத எடுத்துட்டுதான் பாடம் பண்ணுவாங்க."

"உள்ள இன்னா இருந்துச்சாம்?"

"இப்பவா? வைக்கோலு, பஞ்சு இப்டி இன்னாவாச்சும் இருக்கும்."

"இப்ப கீறத கேக்கல. அறுக்கசொல்ல இன்னா இருந்துச்சி? வயித்துல."

காவல்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அது எனக்கு இன்னா தெரியும் ஆயா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துகீது இது. கொடலு எல்லாத்தியும் அப்பவே தூக்கிப் போட்ருப்பாங்க."

"எங்க போட்ருப்பாங்க?"

அவள் அம்மாவைக் குனிந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "கீழ உக்காராத ஆயா, தர சில்லுனு கீது" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். பெட்டியின் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் உருவமும் சுறாவின் உடம்புமேல் விழுந்து தெரிந்தது. என் முகம் சரியாக அதன் வயிற்றில் இருந்தது. நான் ஓர் அடி தள்ளி நின்றேன்.

"இது அப்பா போறதுக்கு ரொம்ப முன்னாடி புடிச்சதும்மா" என்றேன். எனக்கு எல்லாம் மெல்லப் புரிய ஆரம்பித்திருந்தது.

"தெரியும். அப்பவே பாத்தேன். மேல பூசனது எத்தினி வெடிப்பு வுட்டுகீது, பாரு." வெடிப்பை விரலால் காட்டினாள். "இருந்தாலும் கேக்கணும்னு தோணுச்சி."

"இதுக்குத்தான் காசிமேட்டுக்குப் போனியா?"

அம்மா கையை மடியில் வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பன் கழுத்துல வெள்ளி தாயத்து போட்டுகினு இருந்தாரு. ராயபுரத்துல ஒரு தர்காவுல மந்திரிச்சி கட்னது. சின்ன குழாயி மாரி இருக்கும். கறுப்புக் கயிறு. கயிறு எம்மாம் நாளைக்கு தாங்கும், அறுந்துட்டுருக்கும். வெள்ளி எங்கயும் போவாது." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அதுல உன் பல்லு பட்ட தடம் கீது."

"என் பல்லா?"

"உனுக்கு பல்லு மொளைக்கசொல்ல உங்கப்பன் தூக்கிகினாருன்னா அத்த இஸ்து வாயில வச்சி கடிப்ப. கயட்டி வையின்னா கேக்க மாட்டாரு. கடிக்கட்டும், எம் பொண்ணு கடிச்சதுன்னு அடையாளம் இருக்கட்டும்னுவாரு. வெள்ளி குழைவா இருக்கும் பாரு. ஒரு பக்கம் பூரா புள்ளி புள்ளியா பூடுச்சி."

அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அவர் புகைப்படமும் கிடையாது. அவர் குரலோ, கையோ, வாசனையோ எதுவும் என்னிடம் மிஞ்சவில்லை. ஆனால் என் பல்லின் தடம் ஒன்று அவரோடு தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று அந்த நிமிடம் தெரிந்தது. நாக்கு தானாகவே முன்பற்களைத் தடவிப் பார்த்தது. அவை பால்பல் விழுந்து முளைத்த வேறு பற்கள். ஆனாலும் வாய்க்குள் வெள்ளியின் ருசி வந்தது. பக்கத்து வீடுகளில் உட்கார்ந்து நான் தின்ற மீன் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வஞ்சரத் துண்டு, சுறாப் புட்டு. அம்மா ஏன் என் வாயைத் திறந்து பார்த்தாள் என்பது அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. அதை அவளிடம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"எப்பவாச்சும் எதனாச்சும் கெடச்சிதாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு வாட்டி" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். நான் பத்தாம் வகுப்போ என்னவோ படித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு பெரிய களவா மீன் வெட்டுக்கு வந்தது. இரைப்பையைக் கீறியபோது கத்தியில் ஏதோ தட்டியது. எடுத்தால் ஒரு செம்பு மோதிரம். பாம்பு சுற்றின மாதிரி வேலைப்பாடு. ஆண்கள் விரலுக்குப் போடுகிற அளவு. அவள் யாரிடமும் சொல்லாமல் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு குப்பமாகப் போனாள். எண்ணூரிலிருந்து வடக்கே, பஸ் போகிற இடத்துக்கு பஸ்ஸில், மற்ற இடத்துக்கு நடந்து. கடலில் யாராவது போய்த் திரும்பாத வீடு இருக்கிறதா என்று கேட்டாள். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் ஒரு வீட்டைக் காட்டினார்கள்.

"அந்தப் பொம்பள வாசல்ல வல பிரிச்சிகினு இருந்தா. என் வயசுதான். மோதிரத்த கையில வச்சேன். பாத்தா. அழுவல, ஒன்னியும் பண்ல. தன் வெரல்ல போட்டுப் பாத்தா, லூசா இருந்துச்சி. எம் புள்ளையோடதுன்னா. எங்க கெடச்சிதுன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வலையில வந்துச்சின்னு சொல்லிட்டேன்."

அம்மா இந்த இடத்தில் சுறாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள் காது மட்டும்தான் தெரிந்தது.

"அப்பால உள்ள கூப்ட்டா. எம் புள்ளைய கொண்டாந்து குடுத்துகீற, சோறு துன்னாம போவக்கூடாதுன்னு தட்டு வச்சா. மீன் கொழம்பு. சுடச் சுட. வாணாம்னு சொன்னா ஏன்னு கேப்பா. மீன் துன்ன மாட்டேன்னு சொன்னா, ஏன் துன்றதில்லன்னு அவளுக்கே புரிஞ்சிடும். அந்த மோதிரம் எங்கேர்ந்து வந்துச்சின்னும் புரிஞ்சிடும். கடலாண்ட கீறவளுக்கு இத்த சொல்லியா தரணும்."

"அதனால?"

"துன்னேன். ரெண்டு வாட்டி வாங்கித் துன்னேன். நல்லாகீதுன்னு சொன்னேன். பஸ் ஸ்டாண்டாண்ட வந்து வாந்தி எடுத்தேன்."

காவல்காரப் பெண் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கமாக வந்த ஒரு குடும்பத்தை, "அந்தாண்ட போய் பறவை எல்லாம் பாத்துட்டு வாங்க, இங்க அப்பால வரலாம்" என்று அவள் திருப்பி அனுப்பினாள்.

"அவளோடது எங்கிட்ட வந்துச்சி" என்றாள் அம்மா. "என்னோடது யார் கத்திக்கிப் போச்சோ. காசிமேட்டுக்கு வந்துருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆந்திரா பக்கம் போய் ஏறியிருந்தா? இல்ல, ஐஸ் பொட்டியில வச்சி எந்த ஊருக்கோ லாரி ஏத்தியிருந்தா? அவங்க சாக்கடையில தூக்கிப் போட்ருப்பாங்க. தெரியாதில்ல அவங்களுக்கு."

அவள் தோளில் கை வைத்தேன். அவள் அதைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

கிளம்பும்போது அம்மா அந்தக் காவல்காரப் பெண்ணிடம், "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள்.

"வியாசர்பாடி, ஆயா."

"தெனம் இதுங்க நடுவுல இருக்கியே, பயமா இல்ல?"

"பகல்ல ஒன்னியுமில்ல. சாயங்காலம் லைட்ட அணைச்சிகினு வரசொல்ல மட்டும் திரும்பிப் பாக்க மாட்டேன்." கொஞ்சம் தயங்கி, "இனிமே இந்தச் சுறாவ பாக்கசொல்ல எல்லாம் உன் ஞாபகம் வரும் ஆயா" என்றாள்.

மெட்ரோவில் சென்ட்ரலில் மாறி, விம்கோ நகர் வண்டியில் உட்கார்ந்தோம். தண்டையார்பேட்டை தாண்டி வண்டி பூமிக்கு மேலே ஏறியபோது வெளிச்சம் உள்ளே விழுந்தது. கிழக்கே கட்டடங்களுக்கு இடையில் கடல் விட்டு விட்டுத் தெரிந்தது. வடக்கே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அம்மா ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவதுபோல இருந்தாள். எதிர் சீட்டில் ஒரு குழந்தை தன் அம்மாவின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கடையில் பில் போடும்போது வருகிறவர்களின் கழுத்தைப் பார்ப்பேன். கறுப்புக் கயிறு, வெள்ளிக் குழாய் என்று எதைப் பார்த்தாலும் கை நின்றுவிடும். நாக்பூர் வரைக்கும் மீன் போகிறது என்கிறார்கள். ஒரு தாயத்து எத்தனை கை மாறி எங்கே வேண்டுமானாலும் போகலாம். "இன்னாக்கா, சில்லறை இல்லியா?" என்று கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருவேன்.

சொட்டு மருந்து முடிந்த வாரத்தில் அம்மா மறுபடி வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். டாக்டர் தூசியில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்றேன். "மீன்ல ஏது தூசி" என்றாள். இனி போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மியூசியத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குப் பதிலாக, "ஞாயித்துக்கெழம நானும் வரேன்" என்றேன்.

நாங்கள் போனபோது விடிந்துவிட்டிருந்தது. படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. டீசலும் ஐஸும் ரத்தமும் சேர்ந்த ஈரத்தில் கால் வழுக்கியது. மீன் வாங்க வந்த கூட்டம் கவர்களைத் தூக்கிக்கொண்டு நெருக்கியடித்தது. ஓரத்தில் கூடாரத் துணிக்குக் கீழே மீன் வெட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மாவின் இடம் காலியாக இருந்தது. அவள் வராத நாளெல்லாம் அங்கே யாரும் உட்காரவில்லை போல. ஒரு கோணியை மடித்துப் போட்டிருந்தார்கள்.

"இன்னாக்கா, கண்ணு தெரியுதா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த கனத்த உடம்புக்காரி. கையில் வஞ்சரம் பாதி வெட்டியபடி கிடந்தது.

"ஜோரா தெரியுது."

"அப்ப இத்த பாத்துரு மொதல்ல." அவள் கோணிக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து அம்மாவிடம் தள்ளினாள். "நீ இல்லாத நாள்ல சேத்தது."

அம்மா உட்கார்ந்து, டப்பாவை வெட்டுக்கட்டையின் மேல் கவிழ்த்தாள். தூண்டில் முள், நைலான் கயிறு, பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு சட்டைப் பொத்தான், நசுங்கிய பாட்டில் மூடி, பொம்மையின் ஒரு கை. எல்லாம் கழுவிச் சுத்தமாக இருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் விரலால் நகர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பொத்தானைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் வாரி வாளியில் போட்டுவிட்டு, காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கம்மா உங்ககிட்ட சொல்லிவச்சாங்களா?" என்று அந்தக் கனத்த பெண்ணிடம் மெல்லக் கேட்டேன்.

"உங்கம்மா வாயத் தொறக்குமா? இங்க முன்னாடி ஒரு கெய்வி இருந்துச்சி. அதுதான் கவனிச்சி சொல்லிச்சி. இவ எதையோ தேடிகினு கீறா, வயித்துல எது இருந்தாலும் தூக்கிப் போடாம வைங்கடின்னு. அது செத்துப் பூடுச்சி. நாங்க வச்சிகினு வரோம்."

வரிசையின் கோடியில் இருந்த சின்ன வயதுக்காரி ஒருத்தி எங்கள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தாள். அவள் அங்கே உட்கார ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். "அது எதுக்குக்கா வைக்கிறது? நானும் வைக்கிறேன், எதுக்குன்னு தெரியாமலே" என்றாள்.

"வை, அவ்ளோதான்" என்றாள் கனத்த பெண்.

அதற்குள் ஒருவர் பெரிய மீன் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து அம்மாவின் எதிரில் போட்டார். கொடுவா. முழுசாக ஒரு குழந்தையின் நீளம் இருந்தது. அம்மா செதில் சீவி, செவுளை எடுத்து, அடிவயிற்றில் கத்தியை வைத்தாள். ஒரே இழுப்பு. குடலை வெளியே எடுத்து, இரைப்பையைத் தனியாகப் பிரித்துக் கட்டைமேல் விரித்தாள். குனிந்து பார்த்தாள். நானும் குனிந்தேன். பாதி செரித்த எறாவும் கொஞ்சம் சேறும் இருந்தன. அம்மா விரலால் சேற்றைப் பரப்பினாள்.

"இன்னாம்மா அத்த போய் பாத்துகினு கீற? டைம் ஆவுது" என்றார் மீனைக் கொண்டுவந்தவர்.

"சுத்தம் பண்றாங்கய்யா, இரு" என்றாள் கனத்த பெண், தலையைத் தூக்காமலே.

அம்மா இரைப்பையை வாளியில் போட்டாள். மீனைத் துண்டு போட ஆரம்பித்தாள். நான் அவரிடமிருந்து பையை வாங்கி, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.